ஊர் பேர்ல நிலம் வாங்கப் போறீங்களா? ஒரு வக்கீல் சொல்றேன், கேளுங்க

கோத்தகிரி, குன்னூர் பக்கத்து ஹட்டிகள்ல (படகர் ஊர்கள்ல) இருந்து என்கிட்ட அடிக்கடி வர்ற கோரிக்கை இது. "ஊர்ல சேர்ந்து கொஞ்சம் நிலம் வாங்குறோம் சார், நம்ம பசங்க வீடு கட்டிக்கட்டும், ஆனா நாளைக்கு எவனும் அதை வெளியாளுக்கு காட்டேஜ் கட்ட வித்துடக் கூடாது, பத்திரத்துல அப்படி ஒரு வரி போட்டுடுங்க." நியாயமான ஆசைதான். பச்சைத் தேயிலை விலை இருக்கிற லட்சணத்துல தோட்டத்தை விக்கிறவங்களை குறை சொல்ல எனக்கு மனசு வராது, ஆனா அப்படி வித்து வித்து சென்ட் விலை ஏறிப்போய் உள்ளூர்ல மாச சம்பளம் வாங்குற பையனுக்கு மனையே எட்டாமப் போச்சு.

ஆனா அந்த ஒரு வரி செல்லாதுங்க. கிரயப் பத்திரத்துல "எப்பவும் யாருக்கும் விக்கக் கூடாது"ன்னு எழுதினா 1882-ஆம் வருஷ சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 10 அதை தூக்கிப் போட்டுடும், கிரயம் மட்டும் அப்படியே நிக்கும். சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவாகிடுச்சே, அப்போ செல்லும்னு நினைச்சுட்டு இருக்கிறவங்க நிறைய. அதே பிரிவுல ஒரு விதிவிலக்கும் இருக்கு: குத்தகையா இருந்தா, நிலம் கொடுக்கிறவர் நன்மைக்காக அந்த மாதிரி நிபந்தனை வைக்கலாம்.

கம்யூனிட்டி லேண்ட் டிரஸ்ட்ங்கிற ஏற்பாடு முழுக்க இந்த சூட்சுமத்துலதான் நிக்குது. நிலம் ஊர் அமைப்போட பேர்ல இருக்கும், விக்க மாட்டாங்க. வீடு குடும்பத்தோடது. நடுவுல நீண்ட கால குத்தகை, அமெரிக்காவுல பெரும்பாலும் 99 வருஷம், வீட்டை விக்கணும்னா என்ன விலைக்கு, யாருக்குன்னு கணக்கு அதுலயே எழுதியிருக்கும்.

இது வெள்ளைக்காரன் யோசனைன்னு நினைக்காதீங்க. 1951-ல போச்சம்பள்ளில வினோபா தொடங்கின பூதானம் அப்புறம் கிராமதானமா வளர்ந்துச்சு, நிலம் கிராமசபை பேர்ல, வெளியாளுக்கு விக்க முடியாது. நம்ம சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் மதுரை, திண்டுக்கல் பக்கம் ஊர் ஊரா நடந்தது அதுக்காகத்தான். அதையும் பார்த்துத்தான் 1969-ல ஜார்ஜியாவுல கறுப்பின விவசாயிகள் 'நியூ கம்யூனிட்டீஸ்'னு 5,000 ஏக்கருக்கு மேல சேர்ந்து வாங்கினாங்க. வறட்சி வந்தப்போ அரசு கடன் அவங்களுக்கு கிடைக்கல, இனப் பாகுபாடு, 1985-ல நிலமே போச்சு. 2009-லதான் நஷ்ட ஈடு வந்துச்சு. நல்ல மனசும் இருந்துச்சு, நிலமும் இருந்துச்சு, பின்னாடி நிக்கத்தான் ஆள் இல்ல.

அந்த பின்னாடி நிக்கிற வேலையைத்தான் இப்போ தேசிய அளவுல உறுப்பினர் அமைப்புங்க பண்றாங்க. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்து 2010-ல கம்யூனிட்டி லேண்ட் டிரஸ்ட் நெட்வொர்க் வந்துச்சு. அது எந்த நிலத்தையும் வாங்காது, உள்ளூர் டிரஸ்ட்கள் சந்தா கட்டி உறுப்பினர் ஆகுறாங்க, பதிலுக்கு மாதிரி விதிமுறை, சட்ட ஆலோசனை, பயிற்சி, ஏற்கெனவே பண்ணின ஊர்க்காரங்களோட தொடர்பு எல்லாம் கிடைக்குது. கார்ன்வால்ல செயின்ட் மினவர்னு ஒரு ஊர், வெளியூர் பணக்காரங்க லீவுக்கு வந்து தங்க வீடு வாங்கி வாங்கியே உள்ளூர் ஆளுக்கு இடமில்லாமப் போன இடம், அப்படியே நம்ம ஊட்டி, கொடைக்கானல் கதை. அங்க டிரஸ்ட் ஆரம்பிச்சு உள்ளூர் குடும்பங்க தாங்களே கைவெச்சு வீடு கட்டினாங்க.

எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம் வாடகை விஷயம். இங்கிலாந்துல பில்டர்ங்க குத்தகை வீட்டுக்கு தரை வாடகையை (வீடு நிக்கிற நிலத்துக்குன்னு கட்டுற வாடகை) ஏத்திக்கிட்டே போனதால 2022-ல புது குத்தகைகளுக்கு அந்த வாடகையையே அரசு ஒழிச்சுடுச்சு. நல்ல சட்டம்தான், ஆனா ஊர் டிரஸ்ட் வாங்குற சின்ன வாடகையும் அதுல அடிபட்டுப் போயிருக்கும். ஒரு ஊர்க்காரன் லண்டன் வரைக்கும் போய் இதை சொன்னா யார் காதுல விழும்? எல்லாருக்குமா சேர்த்துப் பேச ஒரு அமைப்பு இருந்துச்சு, சமூக வீட்டுக் குத்தகைன்னு தனியா விலக்கு சட்டத்துக்குள்ளயே வந்துச்சு.

அமெரிக்காவுல 2006-ல தொடங்கின தேசிய நெட்வொர்க் 2016-ல இன்னொரு அமைப்போட சேர்ந்து கிரவுண்டட் சொல்யூஷன்ஸ் நெட்வொர்க் ஆச்சு. அவங்க கொடுக்கிற மாதிரி குத்தகைப் பத்திரம்தான் நான் டிராஃப்ட் பண்ண உட்காரும்போது முதல்ல பார்க்கிறது. அங்க பேங்க்குங்க கிட்ட இருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கிற ஃபேனி மேங்கிற நிறுவனம் இந்த மாதிரி குத்தகை வீட்டுக் கடனுக்குன்னே தனிப் படிவம் வெச்சிருக்கு. இங்க பேங்க் மேனேஜர் முதல் கேள்வியே "பட்டா யார் பேர்ல?"ங்கிறதுதான், டிரஸ்ட் பேர்லன்னு சொன்னா ஃபைலை மூடிடுவார். இந்த பேச்சுவார்த்தையை ஒரு ஹட்டி தனியா நடத்தவே முடியாது, பத்து ஹட்டியாவது சேர்ந்து போகணும். கூடலூர்ல ஆதிவாசி முன்னேற்ற சங்கம் ஒவ்வொரு ஆதிவாசி குடியிருப்புலயும் சங்கம் வெச்சு, அதையெல்லாம் ஒண்ணா கோர்த்து நிக்குறதைப் பார்த்தா நம்மால முடியாத வேலைன்னு தோணல. நிலம் கைமாறக் கூடாதுங்கிறதைத்தான் வன உரிமைச் சட்டம் 2006-ல பிரிவு 4(4)-ம் சொல்லுது, காட்டு நில உரிமை வாரிசுக்குப் போகும், விக்கவோ மாத்தவோ முடியாது.

அதுவரைக்கும், தயவுசெஞ்சு ஊர்ல நாலு பெரியவங்க பேர்ல கூட்டா கிரயம் பண்ணாதீங்க, அவங்க காலத்துக்கு அப்புறம் வாரிசுங்க பாகம் கேட்டு வருவாங்க. முதல்ல சங்கமோ பொது டிரஸ்டோ பதிவு பண்ணி, அது பேர்ல கிரயம் வாங்குங்க. ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகைன்னா கண்டிப்பா பதிவு பண்ணணும், வெறும் ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி பீரோவுல வெச்சா உபயோகமில்ல. அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி வில்லங்கம் போட்டுப் பாருங்க, அந்த சர்வே நம்பர்ல வீடு கட்ட அனுமதி கிடைக்குமா, கூடலூர் பக்கம்னா செக்‌ஷன் 17 நிலமான்னும் (ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துல உரிமை இன்னும் முடிவாகாத நிலம்) விசாரிச்சுட்டு அப்புறம் என்கிட்ட வாங்க.