துருப்பிடித்த நட்டுக்கு எந்த ஸ்ப்ரே அடிக்கலாம்?

பழைய கார் வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்ததும் கேட்பது, "துருவுக்கு எந்த ஸ்ப்ரே நல்லது அண்ணே?" நான் பதிலுக்குக் கேட்பது, "எந்த இடத்து போல்ட்டு?" அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எண்ணெயைப் பற்றிப் பேச முடியும். தூத்துக்குடியில் உப்புக்காற்று ஒன்றே ஒரு வண்டியின் அடிப்பாகத்தை அரிக்கப் போதும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளுக்கோ மரைக்குள் சேறும் சேர்ந்துகொண்டது. ஒடிந்த போல்ட்டோடு வருகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு யாராவது ஏற்கெனவே ஸ்ப்ரே அடித்திருப்பார்கள். அடித்த ஐந்தாவது நிமிடமே ஸ்பேனரில் பைப்பைச் செருகி மிதித்திருப்பார்கள்.

இரும்பு துருவாக மாறும்போது குறைந்தது இரண்டு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே இருப்பதோ மயிரிழை இடைவெளி. அதற்குள் துரு வீங்கி ஆப்பு அடித்ததுபோல இறுகிவிடும். எந்த ஊடுருவும் எண்ணெயும் இந்தத் துருவைக் கரைப்பதில்லை. மெல்லிய விரிசல் வழியாக உள்ளே இழுபட்டுப் போய் வழுக்கல் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. அதனால் எண்ணெய் நீர்த்தாக இருக்க வேண்டும், உள்ளே போன பிறகு ஒரு வழுக்குப் படலத்தையும் விட்டுவைக்க வேண்டும். பழைய என்ஜின் ஆயிலைத் தடவுகிறவர்கள் உண்டு. அது கெட்டி, மேலேயே நின்றுவிடும். மண்ணெண்ணெயும் டீசலும் உள்ளே போகும், ஆனால் வழுக்கல் குறைவு. கழற்றி எடுத்த பாகங்களை இரவெல்லாம் ஊறப்போட அவை பரவாயில்லை.

எல்லோர் வீட்டிலும் இருப்பது டபிள்யூ.டி.-40. 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில், ஈரத்தை விரட்டித் துருப்பிடிக்காமல் காக்க உருவாக்கியது அது. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகட்டுக்குத்தான் முதலில் பயன்பட்டது. லேசாகப் பிடித்திருக்கும் நட்டுக்கு அது போதும். பல வருடம் கழற்றாத நட்டுக்கு, ஊடுருவுவதற்கென்றே செய்த ஸ்ப்ரேயை வாங்குங்கள். அந்த நிறுவனமே அப்படி ஒன்றைத் தனியாக விற்கிறது. வுர்த், லிக்வி மோலி போன்றவர்களிடமும் உண்டு. இவற்றுக்குள் எது ஒசத்தி என்று சண்டை போடுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. ஒரு ராத்திரி ஊறவிட்டால் எல்லாமே வேலை செய்யும், ஐந்து நிமிடத்தில் எதுவும் செய்யாது.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது பிரேக். பிளீடர் நிப்பிள் (பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் சின்னத் திருகு) இறுகியிருந்தால் எல்லோரும் அங்கே கேனைத் திருப்பி அமுக்கிவிடுகிறார்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் கப்பும் சீலும் ஊதிப் பருத்துவிடும். டிரம்முக்குப் பின்னால் அடித்த எண்ணெய் வீல் சிலிண்டர் ஓரமாகக் கசிந்து ஷூ லைனிங்கில் (டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டை) ஏறினால், அடுத்த முறை பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். எண்ணெய் குடித்த லைனிங்கைத் துடைத்துத் திரும்ப மாட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள். நிப்பிளுக்கு ஒரு பஞ்சுக் குச்சியால் மரையின் அடியில் ஒன்றிரண்டு சொட்டு வைத்தால் போதும். வழிந்ததை உடனே துடைத்துவிட வேண்டும். நிப்பிள் உள்ளே குழாய், அதனால் சட்டென்று ஒடியும். அதன் துளைக்குள் சரியாக உட்காரும் ட்ரில் பிட்டின் தண்டைச் செருகிக்கொண்டு திருப்பினால் நசுங்காது. சஸ்பென்ஷன் புஷ், ஸ்டீயரிங் ரப்பர் பூட் பக்கத்திலும் இதே கவனம் தேவை. பழைய வண்டிக்கு அந்த ரப்பர் எளிதில் கிடைப்பதும் இல்லை.

அப்புறம், ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலக்கும் கைவைத்தியம். நன்றாகவே ஊடுருவும். ஆனால் இரண்டும் ஒட்டாது, நிற்க வைத்தால் பிரிந்துவிடும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். பெயின்ட்டையும் பல பிளாஸ்டிக்குகளையும் அசிட்டோன் தின்றுவிடும். அதன் ஆவி மைனஸ் 20 டிகிரி அளவிலேயே தீப்பற்றக்கூடியது, காற்றைவிடக் கனமானதும்கூட. பட்டறையின் வேலைப்பள்ளத்துக்குள் இறங்கி அப்படியே தேங்கும். பள்ளத்தில் நின்றுகொண்டு இந்தக் கலவையை அடிக்கவே கூடாது. பேட்டரி வயரையும் முதலில் கழற்றுங்கள்.

எண்ணெய் வைப்பதற்கு முன் வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். வைத்த பிறகு நட்டின் பக்கவாட்டில் சுத்தியலால் லேசாகத் தட்டினால், அதிர்வில் துருவில் விரிசல் விழுந்து எண்ணெய்க்கு வழி கிடைக்கும். மாலையில் ஒரு தடவை, இரவு ஒரு தடவை, மறுநாள் காலையில் ஸ்பேனர். முதலில் ஒரு இழை இறுக்கிப் பாருங்கள், பிறகு தளர்த்துங்கள். நகர ஆரம்பித்ததும் முன்னும் பின்னுமாக ஆட்டி, இடையிடையே எண்ணெய் விட்டு வெளியே கொண்டுவாருங்கள்.

ஸ்பேனர் அளவைச் சொல்லாமல் விட முடியாது. பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் என்ஜின் போட்ட பழைய அம்பாசிடருக்கு இன்ச் ஸ்பேனர் வேண்டும். அரை இன்ச் என்பது 12.7 மி.மீ. அதற்கு 13-ஐப் போட்டால் அந்த 0.3 மி.மீ. ஆட்டத்தில் மூலை மழுங்கி, தலை உருண்டையாகிவிடும். பன்னிரண்டு மூலை ரிங் ஸ்பேனரைவிட ஆறு மூலை சாக்கெட் நல்லது.

சில இடத்தில் எண்ணெய் உதவாது. என்ஜினின் அலுமினிய ஹெட்டில் ஏறிய இரும்பு ஸ்டட்டை (தலையில்லாத போல்ட்டு) பிடித்திருப்பது பெரும்பாலும் அலுமினியத்தின் அரிப்பு. அடியில் மூடிய துளை வேறு, எண்ணெய் கீழே வரை எட்டாது. சைலன்சர் மேனிஃபோல்டு (என்ஜின் புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் குழாய்) நட்டுகளுக்குச் சூடுதான் வழி. நட்டை மட்டும் சூடாக்கினால் அது விரியும், துரு உடையும். சற்று ஆறியதும் மெழுகுவர்த்தியை மரையில் தொட்டால் உருகி உள்ளே இழுபடும். ஸ்ப்ரே அடித்த இடத்தில் அதைத் துடைத்து உலரவிடாமல் தீ காட்டாதீர்கள். சூடான சைலன்சரில் ஸ்ப்ரே அடிக்கவும் கூடாது. குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பைச் சூடாக்கினாலோ வெல்டிங் வைத்தாலோ ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். அது உயிரையே எடுக்கக்கூடியது. கேனில் டெட்ராகுளோரோஎத்திலீன் என்று இருந்தால் தீ வேலைக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். பெட்ரோல் டேங்கை ஒட்டிய நட்டில் தீயே வேண்டாம், கிரைண்டரும் வேண்டாம். ரம்பத்தால் கையாலேயே அறுத்துவிட்டுப் புது நட்டு போடுங்கள்.

திரும்ப மாட்டும்போது சைலன்சர் ஸ்டட்டுக்குக் காப்பர் கிரீஸ் தடவலாம். வீல் நட்டுக்கு மட்டும் எதையும் தடவாதீர்கள். கம்பெனி சொல்லும் டார்க், அதாவது முறுக்கு விசை அளவு உலர்ந்த மரைக்கானது. வழுக்கலோடு அதே அளவுக்கு முறுக்கினால் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபட்டு ஒடியும். கழற்ற ஸ்ப்ரே அடித்திருந்தால் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டே மாட்டுங்கள்.