டி டிரைவில் இருப்பது பேக்கப் அல்ல: விண்டோஸ் 11க்கு மாறுமுன்

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றன. காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை பக்கமிருந்து சர்வீஸுக்கு வரும் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இப்போது ஒரே கோரிக்கைதான்: "பதினொன்று போட்டுக் கொடுங்க." பேக்கப் எடுத்துவிட்டீர்களா என்று கேட்டால், "எல்லாம் டி டிரைவ்ல பத்திரமா இருக்கு சார்" என்கிறார்கள். பயம் வருவது இந்தப் பதிலைக் கேட்டுத்தான்.

பெரும்பாலான வீடுகளில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கைப் பிரித்துப் போட்ட பாகங்கள். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். புதிதாக இன்ஸ்டால் செய்யும் திரையில் சி, டி என்ற எழுத்துகளே வராது. டிஸ்க் 0, பார்ட்டிஷன் 1, 2, 3 என்றுதான் வரும். அளவைப் பார்த்து ஊகித்து டெலீட் அழுத்தினால் பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்கள் போய்விடும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்கான எஸ்எஸ்டியில் மீட்பது இன்னும் கடினம். அழித்த இடத்தை 'டிரிம்' என்ற வசதி வழியாக டிஸ்க்கே காலி செய்துவிடும்.

ஆகவே வெளியே தனி ஹார்டு டிஸ்க் ஒன்றில் நகலெடுங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் இரண்டும் சி டிரைவில்தான் இருக்கின்றன, அவற்றை விட்டுவிட வேண்டாம். நகலில் நாலைந்து ஃபைல்களை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

பலர் மறப்பது எழுத்துருக்களை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பத்திரங்களும் அழைப்பிதழ்களும் ஃபார்மட்டுக்குப் பிறகு அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். ஃபைல் கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அவற்றை முன்பே எடுத்து வையுங்கள். டாலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஃபார்மட்டுக்கு முன் டேட்டாவை பேக்கப் எடுத்து, லைசென்ஸையும் சரண்டர் செய்ய (அந்த மெஷினிலிருந்து விடுவிக்க) வேண்டும். ஃபார்மட் இல்லாமல் விண்டோஸ் 10 மேலேயே 11ஐ ஏற்றினால் ஃபைல்களும் எழுத்துருக்களும் அப்படியே இருக்கும். பிடிக்காவிட்டால் 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பலாம்.

இனி உங்கள் மெஷின் ஏற்குமா என்பது. 4 ஜிபி ரேம் போதும் என்பது கணக்குக்குத்தான், 8 ஜிபி இல்லாமல் நிம்மதியாக ஓடாது. பிராசஸர் இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை முதல். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பல மதர்போர்டுகளில் அது இருந்தும் அணைந்தே கிடக்கும். மெஷின் ஆன் ஆகும்போதே வரும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், இன்டெலுக்கு பிடிடி, ஏஎம்டிக்கு எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி ஆன் செய்யுங்கள்.

பயாஸில் கைவைக்குமுன், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை மெஷின் ஆன் ஆகும்போது அதைக் கேட்டு, உங்களிடம் இல்லையென்றால் யாராலும் திறக்க முடியாது.

பயாஸில் ஆன் செய்த டிபிஎம் மறுநாளே அணைந்துவிட்டால் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 காசு பேட்டரியைப் பாருங்கள். புதியது 3 வோல்ட் காட்டும். அது தீர்ந்தால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும், தேதியும் பின்னால் போகும். தேதி தப்பானால் சான்றிதழ் சரிபார்ப்பு தோற்று அப்டேட்டும் நிற்கும். விண்டோஸைக் குறை சொல்லி மூன்று முறை ஃபார்மட் போட்ட பிறகு பேட்டரியை மாற்றியதும் சரியாகிவிடும் மெஷின்கள் உண்டு.

கோர் 2 டியோ மாதிரிப் பழையவற்றில் குறுக்கு வழியில் 11ஐத் திணிக்க வேண்டாம். விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பு அவற்றில் தொடங்கவே தொடங்காது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டால் இணையமும் கடிதமும் தாராளமாக ஓடும். விண்டோஸ் 10தான் வேண்டும் என்றால் பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தொடர்ந்து தரும் மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புத் திட்டம் இன்னும் நடக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்துகொள்ளலாம்.

நம்மூர் வெயிலில் நேரமும் முக்கியம். கத்திரியில் மதியம் தொடங்கினால், தூசி அடைத்த ஹீட்சிங்க்கோடு (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) பிராசஸர் கொதித்து மெஷின் பாதியில் அணையலாம். ஃபேனைத் துடைத்துவிட்டு விடியற்காலையில் ஆரம்பியுங்கள். உங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்து, அந்த நாளைத் தவிருங்கள். வீட்டு யூபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும். பயாஸ் அப்டேட் நடுவே கரண்ட் போனால் மதர்போர்டே கையை விரித்துவிடலாம். லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியிருக்கட்டும், மேலே துணி மூடாமல் மேசைமேல் வைத்துச் செய்யுங்கள்.