மூன்றாவது நிமோனியாவும் ஒரு ராக் மரபணுவும்

"ஊர்ல எல்லாக் குழந்தைக்கும்தான் சளி பிடிக்குது டாக்டரம்மா, இவனுக்கு மட்டும் ஏன் விடவே மாட்டேங்குது?" என்று கேட்டார் பாட்டி. பேரனுக்கு ஐந்து மாதம், மூன்றாவது நிமோனியா. வாயெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. ரத்த ரிப்போர்ட்டில் லிம்போசைட், அதாவது கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு, 900. இந்த வயதில் 3,000-க்குக் கீழே இறங்கினாலே நாங்கள் உஷாராகிவிடுவோம்.

பாட்டியின் கேள்விக்கு விடை மரபணுவில் இருக்கிறது. மனிதனுக்கு இருப்பது ஏறக்குறைய 20,000 மரபணுக்கள். அதை வைத்துக்கொண்டு கிருமிகளைப் பிடிக்கும் கோடிக்கணக்கான வகை எதிர்ப்பான்களை (ஆன்டிபாடி) உடம்பு எப்படிச் செய்கிறது? சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆய்வு செய்த சுசுமு டோனெகாவா 1976-இல் இதற்கு விடை காட்டினார். 1987-இல் நோபல் பரிசு. எதிர்ப்பானுக்கான மரபணு முழுதாக இருப்பதில்லை, துண்டு துண்டாக இருக்கிறது. எதிர்ப்பானின் ஒரு பாதியான பெரிய சங்கிலிக்கு, 14-ஆவது குரோமோசோமில் வி (V) துண்டுகள் சுமார் 40, டி (D) 23, ஜே (J) 6. எதிர்ப்பான் செய்யும் லிம்போசைட்டுக்கு பி (B) செல் என்று பெயர். எலும்பு மஜ்ஜையில் வளரும் ஒவ்வொரு பி செல்லும் வகைக்கு ஒன்றை எடுத்து ஒட்டிக்கொள்கிறது. இடையில் கிடப்பதை வெட்டி எறிந்துவிடுகிறது. (எல்லாச் செல்லிலும் ஒரே டி.என்.ஏ. என்று பள்ளியில் படித்தோமே, இங்கே அது பொய்யாகிறது.)

40 × 23 × 6 என்றால் 5,520. எதிர்ப்பானின் இன்னொரு பாதியான சிறு சங்கிலியில் முந்நூற்றுச் சொச்சம் சேர்க்கைகள். பெருக்கினால் பதினேழு லட்சத்தைத் தாண்டும். அப்புறம், ஒட்டும் இடங்களில் ஒரு நொதி தன் இஷ்டத்துக்குச் சில டி.என்.ஏ. எழுத்துகளைச் செருகும். கணக்கு கோடிகளுக்குப் போவது அதனால்தான்.

வெட்டும் கத்தரிகள் ராக்-1, ராக்-2 என்ற இரு புரதங்கள். இன்னொரு வகை லிம்போசைட்டான டி (T) செல்களுக்கும் இதே கத்தரிதான். அது பழுதானால் பி, டி இரண்டுமே உருவாகாது. இந்தக் குழந்தைக்கு நடந்தது அதுதான்.

பெற்றோர் அத்தை மகன், மாமன் மகள். இருவரிடமும் ராக் மரபணுவின் பழுதான பிரதி ஒவ்வொன்று. இன்னொரு பிரதி நன்றாக இருப்பதால் அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. மூத்த பெண் குழந்தை "சளி கட்டி" இறந்ததை, நான் துருவிக் கேட்ட பிறகுதான் பாட்டி சொன்னார்.

பிறந்ததும் போடும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யில் உயிருள்ள கிருமி இருக்கிறது. மற்றக் குழந்தைகளுக்கு அது பாதுகாப்பு, அவசியம் போட வேண்டும். இவனுக்கோ தோளில் ஆறாத புண், அக்குளில் கட்டி. வீட்டில் ஏற்கெனவே ஒரு பச்சிளம் குழந்தை தொற்றில் இறந்திருந்தால் பிரசவ வார்டிலேயே சொல்லிவிடுங்கள். ஊசியைத் தள்ளிவைத்து முதலில் லிம்போசைட்டுகளைப் பார்த்துவிடலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கும் நேரம் கிடைக்கும்.