வாக்கில்லாத அக்காவுக்கு வந்த ஃபோம்

கிழக்கு லண்டனில் குடிவரவு வழக்குகள் பார்க்கிறேன். 2021 கடைசியில் அறுபது தாண்டிய ஓர் அம்மா வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து பாரிஸ் போய், பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்து, பிள்ளைகளின் படிப்புக்காக 2004-ல் இங்கே வந்தவர். பிளாஸ்டிக் உறையிலிருந்து பழைய பி.ஆர். (நிரந்தர வதிவிட) ஆவணத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"பிள்ளை, வெளியேற வேணுமெண்டு வோட்டுப் போட்டது என்ர தம்பி. நான் போடேல்லை. எனக்கேன் இந்த ஃபோம்?"

அவர் சொன்னது வேடிக்கைக்கு அல்ல. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்று நடந்த 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில், இங்கே முறையாக வசித்த காமன்வெல்த் நாட்டவருக்கு வாக்கு உண்டு. இலங்கைப் பாஸ்போட் வைத்திருந்த தம்பி போட்டார். பிரெஞ்சுப் பாஸ்போட் வைத்திருந்த அக்காவால் முடியவில்லை.

51.9 சதவீதம் 'வெளியேறு' என்றது. மறுநாள் காலையே பிரதமர் கேமரன் பதவி விலகுவதாக அறிவித்தார், பவுண்ட் சரிந்தது. ஆனால் என்னிடம் வழக்குக்கு வருபவர்கள் வீட்டில் எதுவும் மாறவில்லை. 2017 மார்ச்சில் விலகல் அறிவிப்பு, 2019-ல் விலகல் ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தில் மூன்று தோல்வி, 2020 ஜனவரி 31-ல் விலகல், அதன்பிறகும் டிசம்பர் 31 வரை இடைக்காலம். இந்த நாலரை வருட இழுவைதான் ஆட்களைக் கெடுத்தது. "எப்படியும் தள்ளித்தானே போடுவார்கள்" என்று இருந்துவிட்டார்கள். இங்கே தொடர்ந்து வாழும் உரிமை கேட்டுப் போட வேண்டிய விண்ணப்பத்துக்கான (அந்த அம்மா சொன்ன ஃபோம் இதுதான்) கடைசி நாளான 2021 ஜூன் 30 தள்ளிப்போகவில்லை.

இடைக்காலம் முடியும்வரை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு இங்கே வாழும் உரிமை தானாகவே இருந்தது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. விலகலுக்குப் பிறகு அது கேட்டு வாங்க வேண்டியதாகிவிட்டது. பழைய பி.ஆர். ஆவணமும் செல்லாமல் போனது. எனக்குத் தெரிந்து அதிகம் பேர் வழுக்கியது இந்த இடத்தில்தான். 'எனக்குத்தான் நிரந்தரம் கிடைத்துவிட்டதே' என்று நிம்மதியாக இருந்தவர்கள்!

விண்ணப்பிக்க வேண்டியவர்கள் சுமார் 30 லட்சம் பேர் என்று பேசிய இடத்தில், இரண்டாம் முறை போட்டவை உட்பட 80 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பங்கள் வந்தன. ஐந்து வருடம் தொடர்ந்து வாழ்ந்தவர்களுக்கு 'செட்டில்ட்' என்ற நிரந்தர உரிமை, குறைந்தவர்களுக்கு 'பிரீ-செட்டில்ட்' என்ற காலக்கெடு உள்ள உரிமை. இரண்டாவது வகையினர் மறுபடி விண்ணப்பிக்காவிட்டால் உரிமை போய்விடும் என்பதுதான் முதலில் இருந்த விதி. அது சட்டவிரோதம் என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. இப்போது காலக்கெடு தானாக நீட்டப்படுகிறது, சிலருக்குச் செட்டில்டும் தானாகக் கிடைக்கிறது. ஆனால் அந்தத் தானியங்கிச் சோதனை வரி, அரச உதவிப் பதிவுகளைத்தான் பார்க்கிறது. வேலைக்குப் போகாமல் பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் அம்மம்மாவுக்கு அங்கே என்ன பதிவு இருக்கும்? தகுதி வந்ததும் செட்டில்டுக்கு நீங்களே விண்ணப்பம் போடுங்கள். டாக்டர் கடிதம், வங்கிக் கணக்கு, கவுன்சில் வரிக் கடிதம் என்று எதையும் எறியாதீர்கள்.

இன்னொன்று. பாஸ்போட் புதுப்பித்தால், இந்த உரிமை பதிவாகியிருக்கும் குடிவரவு இணையக் கணக்கிலும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் நின்று விளக்க வேண்டி வரும். அந்தக் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்றும் பாருங்கள். மருமகன் போட்டுக் கொடுத்திருப்பார். அப்புறம் அவரோடு பேச்சுவார்த்தை இருக்காது. இது நான் அடிக்கடி பார்ப்பது.

அந்த அம்மாவுக்குத் தாமதத்துக்கான காரணத்தை எழுதி விண்ணப்பித்தோம். சில மாதங்களில் செட்டில்ட் கிடைத்தது. "கார்ட் எங்கை, பிள்ளை?" என்றார். கார்ட் கிடையாது, எல்லாம் இணையத்தில்தான், வேலை கொடுப்பவரோ வீட்டுக்காரரோ கேட்டால் 90 நாள் செல்லும் குறியீடு ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றேன். முடிவுக் கடிதத்தை அச்சடித்துக் கொடுத்து, இது ஆதாரம் ஆகாது என்றும் சொன்னேன். தலையாட்டிவிட்டு, அதை மடித்துப் பழைய பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார்.