வண்டியின் எடை: பாலா, காய்ந்த ரப்பரா?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். போன மாதம் தோட்டத்துத் தம்பி ஒருவன் கைப்பேசியில் இரண்டு கப்சாய்களை, அதாவது சின்ன மோட்டார் சைக்கிள்களை, காட்டினான். "அண்ணே, இது அதைவிட ஆறு கிலோ கம்மி. அம்மாவும் ஓட்டணும். இதையே எடுத்திடவா?"

வாங்கிப் பார்த்தேன். ஒன்றுக்கு டிரை வெயிட் போட்டிருந்தார்கள், மற்றதற்குக் கர்ப் வெயிட்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டிய குடும்பங்களுக்கு இது புதிதல்ல. வாளியில் இருக்கும் பாலில் காய்ந்த ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். ஒருவர் பாலையும் இன்னொருவர் காய்ந்த ஷீட்டையும் நிறுத்து, யார் அதிகம் வெட்டினார் என்று கேட்டால் கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணி சிரிப்பார். வண்டி விளம்பரத்தில் மட்டும் நாம் சிரிப்பதில்லை.

டிரை வெயிட் என்றால் பெட்ரோல், எஞ்சின் ஆயில், கூலன்ட் எதுவும் இல்லாத எடை. சில கம்பெனிகள் பேட்டரியையும் கழித்துவிடும். கர்ப் வெயிட் என்பது எல்லாம் ஊற்றி, ஓடத் தயாராக நிற்கும் வண்டியின் எடை. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ இருக்கும். 4 லிட்டர் டேங்குக்கு 3 கிலோ, ஒரு லிட்டர் ஆயிலுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, பேட்டரி ஒன்றரை, இரண்டு கிலோ. தம்பியின் ஆறு கிலோ அங்கேயே கரைந்துவிட்டது. 15 லிட்டர் டேங்க் உள்ள பெரிய பைக்கில் பெட்ரோலே 11 கிலோ.

கனடாவில் பனிவண்டி பழுதுபார்க்கும் என் மச்சானிடம் இதைச் சொன்னேன். "இங்கே இன்னும் மோசம்" என்றார். விளம்பரத்தில் டிரை வெயிட்தான் வரும். 40 லிட்டர் டேங்கை நிரப்பினால் 30 கிலோ கூடும். நீளமான டிராக் (அடியில் சுழலும் பட்டை), எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் என்று சேர்த்துக்கொண்டால் அதுவும் தனி. இதெல்லாம் போதாதென்று, ஓட ஓட அடியில் பனி உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

நமக்குச் செம்மண். மழைக்காலத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டுக்குள் ஓடிய ஒரு வண்டியின் மட்கார்டில் சுரண்டிய சேற்றை விளையாட்டாக நிறுத்துப் பார்த்தேன். 4 கிலோ!

நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் நாமே நிறுப்பதுதான் வழி. ஆள் எடை பார்க்கும் தராசு ஒன்று போதும். வண்டியைக் கழுவி, டேங்கை நிரப்பி, பக்கப் பெட்டியைக் கழற்றுங்கள். முன் சக்கரத்தைத் தராசில் ஏற்றி, பின் சக்கரத்துக்கு அடியில் தராசின் உயரத்துக்கே பலகை வையுங்கள். பிறகு மாற்றி வைத்து, இரண்டையும் கூட்டுங்கள். ஸ்டாண்ட் போடாமல், சாயாத அளவுக்கு லேசாகப் பிடித்தால் போதும். அழுத்தினால் உங்கள் எடையும் சேர்ந்துவிடும்.

அந்த இரண்டு மாடலும் சர்வீசுக்கு வந்திருந்த நாளில் தம்பியைக் கூப்பிட்டு நிறுத்துக் காட்டினேன். வித்தியாசம் ஒரு கிலோகூட இல்லை. அப்புறம் அவன் அம்மாவை அழைத்துவந்து இரண்டிலும் உட்கார வைத்தான். விளம்பரத்தில் கனமாகத் தெரிந்த வண்டியில்தான் அவருக்குக் கால் தரையில் பட்டது. அதையே எடுத்தார்கள்.

தராசு பட்டறையில்தான் இருக்கிறது. வருகிறவர்கள் சேற்றை மட்டும் கழுவிக்கொண்டு வாருங்கள்.