நரம்பு முனையின் மிதவைப் பந்து

மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் ஏற ஏற மிதவைப் பந்தும் ஏறும். நிரம்பியதும் குழாயை அடைத்துவிடும். யாரும் போய் மூட வேண்டாம். மூளை நரம்புகளின் முனையிலும் இப்படி ஒரு பந்து இருக்கிறது.

ஏற்பி (வேதிச் சேதி வந்து ஒட்டும் புரதம்) என்றதும் சேதியை வாங்கும் நரம்பில் இருப்பதுதான் நினைவுக்கு வரும். அனுப்பும் நரம்பிலும் ஏற்பிகள் உண்டு. நினைவாற்றலுக்கு வேண்டிய, சேதி சுமக்கும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலினையே எடுத்துக்கொள்வோம். மின் துடிப்பு வந்ததும் நரம்பு முனைக்குள் கால்சியம் பாய்கிறது. உள்ளே இருக்கும் நுண்பைகள் விளிம்போடு ஒட்டி அசிட்டைல்கோலினை வெளியே கொட்டுகின்றன. அது சுமார் 20 நானோமீட்டர் இடைவெளியைக் கடந்து அடுத்த நரம்பிலுள்ள எம்1 ஏற்பியைத் தொடும். கூடவே, கொட்டிய முனையிலேயே இருக்கும் எம்2 ஏற்பியிலும் ஒட்டும். எம்2 கால்சியம் வரும் வழியைக் குறுக்கும். அடுத்த துடிப்புக்கு வெளியாவது குறைந்துவிடும்.

அல்சைமர் நோயில் அசிட்டைல்கோலினை அனுப்பும் நரம்புகள் அழிகின்றன. அதற்குத் தரும் டொனெபெசில் மாத்திரை (அமெரிக்காவில் 1996-ல் அனுமதி பெற்றது) அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. அதாவது, தொட்டியின் வடிகாலை அடைக்கிறது. சரி, தண்ணீர் நிற்கும். ஆனால் மிதவைப் பந்துக்கு வடிகால் அடைத்த கதை எப்படித் தெரியும்? மட்டம் ஏறியதைப் பார்த்துக் குழாயை மூடப் பார்க்கும். மருந்து கொடுத்ததில் ஒரு பங்கை எம்2 இப்படித் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

அப்படியானால் எம்2-ஐ மட்டும் தடுத்தால் என்ன? வயதான எலிகளில் அப்படிச் செய்தபோது அசிட்டைல்கோலின் கூடுதலாக வெளிவந்தது. மனிதர்களில்தான் சிக்கல். இதயத் துடிப்பைத் தணிப்பதும் இதே எம்2 தான். 1921-ல் மருந்தியலாளர் ஓட்டோ லோவி ஒரு தவளையின் இதயத்திலிருந்து எடுத்து இன்னொன்றின் இதயத்தை மெதுவாக்கிய திரவத்தில் இருந்ததும் அசிட்டைல்கோலினே. போதாக்குறைக்கு எம்1-ம் எம்2-ம் உருவத்தில் நெருங்கிய உறவு. ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிப்பது லேசில்லை.

இரண்டையும் சேர்த்து அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊமத்தை இருக்கிறது. ஊமத்தங்காயைத் தின்றவர் இல்லாததைக் கண்டு உளறுவார். அதிலுள்ள ஸ்கோபோலமைனை எலிக்குக் கொடுத்தால் எம்2 அடைபட்டு, முனை அசிட்டைல்கோலினை வாரிக் கொட்டுகிறது. எலியோ படித்ததை மறக்கிறது. எதிர்ப்பக்கம் எம்1-ம் அடைபட்டிருப்பதால் வாங்க ஆளில்லை. தூக்கம் வரவழைக்கும் பழைய சளி மாத்திரைகள் சிலவும் இந்த ஏற்பிகளை அடைப்பவைதான். அதனால்தான் திடீரென்று குழம்பிப்போன முதியவரிடம், வேறு என்ன மாத்திரை போட்டீர்கள் என்று மருத்துவர் முதலில் கேட்கிறார்.