தெரபி அறையில் வரும் ‘ஹலோ’ லிஃப்டில் ஏன் வருவதில்லை?

பெங்களூரில் தமிழ் பேசும் வீட்டில் வளரும் குழந்தையின் காதில் ஒரே நாளில் நான்கு மொழிகள் விழுகின்றன. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், அபார்ட்மென்ட் திடலில் கன்னடமும் இந்தியும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்குத் திறன்களைப் படிப்படியாகப் பழக்கும் பிஹேவியர் தெரபி பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. அங்கே மேஜை முன் உட்கார்ந்து பத்துக்குப் பத்து முறை ‘ஹலோ’ சொல்லும் குழந்தை, லிஃப்டில் எதிர்வீட்டு ஆன்ட்டியைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும். வீட்டார் இதைப் பிடிவாதம் என்கிறார்கள். பிடிவாதம் இல்லை. அந்த அறை, அந்த நாற்காலி, அந்த ஒரு முகம் எல்லாம் சேர்ந்த ஒரே கட்டாகத்தான் குழந்தை அதைக் கற்றிருக்கிறது. சொல்லிக்கொடுத்துவிட்டு, வெளியே தானாக வந்துவிடும் என்று நம்பிக் காத்திருக்கும் வழக்கத்தை ஸ்டோக்ஸ், பேர் என்ற இரு ஆய்வாளர்கள் 1977-லேயே சுட்டிக்காட்டிவிட்டார்கள். இன்றும் பல மையங்களில் அதுதான் நடக்கிறது.

ஆகவே ஒரு திறனைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அது எங்கே, யாரிடம், எந்த மொழியில் பயன்படப்போகிறது என்று எழுதிவிட வேண்டும். ‘சோஷியல் ஸ்கில் மேம்பட வேண்டும்’ என்பது இலக்கு ஆகாது. ‘மாலையில் கீழே பந்து விளையாடும் பிள்ளைகளிடம் போய், தன்னையும் சேர்த்துக்கொள்ளக் கேட்கும்’ என்பது இலக்கு. அதற்கு முன் நான்கைந்து மாலை தள்ளி நின்று திடலைக் கவனியுங்கள். ‘மே ஐ ப்ளே வித் யூ’ என்று அங்கே எந்தப் பிள்ளையும் கேட்காது. ‘நானூ ஆட்லா?’ (நானும் ஆடட்டுமா?) என்று கன்னடத்தில் கேட்கும், இல்லையென்றால் ஒன்றுமே கேட்காமல் ஓடிப்போய் ஒரு பக்கம் நின்றுகொள்ளும். அந்தத் திடலில் புழங்கும் இரண்டு சொல் போதும்.

‘ஒரே மொழியில் பேசுங்கள், தமிழை நிறுத்திவிடுங்கள்’ என்ற அறிவுரை இன்னும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு பின்தங்கும் என்று ஆய்வுகள் காட்டவில்லை. தமிழை நிறுத்தினால், சேலத்திலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கும் பாட்டியோடு பேச வழியில்லாமல் போகும். பேசிப் பழக அவரைப்போல் பொறுமையான ஆள் பெங்களூரில் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

விளையாட்டில் சேரக் கேட்பதைப் படிகளாக உடைத்துப் பார்ப்போம். ஆடுகிறவர்களிடமிருந்து இரண்டு கை நீளத் தூரத்தில் போய் நிற்பது. ஆட்டத்தைப் பார்ப்பது. பந்து வெளியே போய் ஆட்டம் நிற்கும்வரை காத்திருப்பது. கேட்பது. பதிலுக்கு ஏற்ப நடப்பது. ‘வா’ என்ற பதிலுக்கு எல்லோரும் பழக்குகிறார்கள். ‘டீம் ஃபுல், வேணாம்’ என்றால் என்ன செய்வது? பெரும்பாலான திட்டங்களில் இந்தப் படியே இருக்காது. அழுகையும் தள்ளுமுள்ளும் தொடங்குவது இங்கேதான். ‘சரி, அடுத்த மேட்ச்’ என்று சொல்லிவிட்டு ஊஞ்சலுக்கு நகர்வதை வீட்டில் நடித்துப் பழக்க வேண்டும். அப்பாவும் அக்காவும் விளையாடட்டும், குழந்தை வந்து கேட்கட்டும், நான்கு தடவைக்கு ஒரு தடவை ‘இப்ப வேணாம்’ என்று பதில் வரட்டும். மறுப்பை ஏற்று நகரும்போது தரும் பாராட்டு, சேர்ந்து விளையாடியதற்குத் தருவதைவிடக் கூடுதலாக இருக்கட்டும். அக்கா செய்துகாட்டுவதை 30 நொடி வீடியோவாகப் போனில் எடுத்து, கீழே இறங்கும் முன் இரண்டு முறை போட்டுக்காட்டுவதும் உதவும்.

பேச்சு வராத குழந்தைக்கு இதெல்லாம் பிறகுதான் என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. படம் போட்ட அட்டையை நீட்டியும் கேட்கலாம்; சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலியில் பொத்தானைத் தொட்டும் கேட்கலாம்.

‘சொல்லு, சொல்லு’

வீடுகள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில். ‘ஆன்ட்டிக்கு ஹலோ சொல்லு’ என்கிறார் அம்மா. குழந்தையும் ‘ஆன்ட்டிக்கு ஹலோ சொல்லு’ என்று முழுதாகத் திருப்பிச் சொல்கிறது. அல்லது அம்மா ‘சொல்லு’ என்று சொல்லும்வரை வாயே திறப்பதில்லை. ஆன்ட்டி வந்ததற்கு இல்லை, அம்மாவின் ‘சொல்லு’வுக்குத்தான் அது பதில் தருகிறது. வாயால் தூண்டுவது எளிது, பிறகு அதை விலக்குவதுதான் கஷ்டம். எனவே குழந்தைக்குப் பின்னால் நில்லுங்கள். லிஃப்ட் கதவு திறந்ததும் மனதுக்குள் 3 வரை எண்ணுங்கள். ஒன்றும் வரவில்லை என்றால், தொடுவது அதற்குப் பிடிக்கும் என்றால் மட்டும், முழங்கையை லேசாகத் தொட்டுக் கையசைக்க உதவுங்கள். அல்லது குழந்தை சொல்ல வேண்டியதை மட்டும், ‘ஹலோ ஆன்ட்டி’ என்று, நீங்கள் சொல்லிக்காட்டுங்கள். அடுத்த வாரம் 5 வரை எண்ணுங்கள்; தொடுவதற்குப் பதில் விரலால் காட்டுவது போதும்.

‘உனக்குத் தண்ணி வேணுமா?’ என்று கேட்டே வளர்ந்த குழந்தை, தாகம் எடுத்தால் அதையே சொல்வதும் இப்படித்தான். ‘தப்பு’ என்று சொல்லாதீர்கள். ‘எனக்குத் தண்ணி வேணும்’ என்று அதன் இடத்திலிருந்து சொல்லிக்காட்டி, திரும்பச் சொன்னதும் தண்ணீரைக் கையில் கொடுங்கள். பலன் ஓரிரு நொடிக்குள் வர வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துத் தரும் சாக்லேட், அந்த நேரத்தில் குழந்தை என்ன செய்துகொண்டிருக்கிறதோ அதற்குப் போய்ச் சேரும். கத்தத் தொடங்கிய பின் ‘அமைதியா இருந்தா தர்றேன்’ என்பது கத்துவதையே வளர்க்கும்.

ஒரு சின்ன நோட்டு போதும். வாய்ப்பு வரும்போதெல்லாம், தானாகச் செய்தால் கூட்டல் குறி, உதவியோடு என்றால் ‘உ’, இல்லையென்றால் கழித்தல். கடைசிப் பத்து வாய்ப்பில் எட்டு தானாக, அதுவும் மூன்று ஆட்களிடம், இரண்டு இடங்களில் வந்தபிறகு அடுத்த திறனுக்குப் போகலாம். இரண்டு வாரமாக ‘உ’ மட்டுமே வந்தால் படி பெரிதாக இருக்கிறது. அதை இன்னும் உடைக்க வேண்டும்.

முறை மாற்றி ஆடப் பழக்க, பந்தை உருட்டுவதில் தொடங்குங்கள்: ஒரு தடவை நான், ஒரு தடவை நீ. பல்லாங்குழி அடுத்த கட்டம். அதில் ஒருவரின் முறை சில நேரம் சட்டென்று முடியும், சில நேரம் நீண்டுகொண்டே போகும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று முன்கூட்டித் தெரியாததுதான் கஷ்டம், பலனும் அதில்தான்.

கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். பலருக்கு அது வேதனை. கையை உதறுவது, உடலை முன்னும் பின்னும் ஆட்டுவது போன்றவை யாரையும் காயப்படுத்தாதவரை நிறுத்த வேண்டியதில்லை. பிஹேவியர் தெரபியின் தொடக்ககாலத்தில் லோவாஸ் போன்ற உளவியலாளர்கள் தண்டனையையும் பயன்படுத்தினார்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் இன்று இந்தச் சிகிச்சை மீது வைக்கும் விமர்சனத்துக்கு அதுவும் ஒரு காரணம், அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. எதைச் சொன்னாலும் செய்யப் பழகிய குழந்தை, தவறான ஆளுக்கும் கீழ்ப்படியும். ஆகவே ‘ஹலோ’வுக்கு முன்பே ‘வேணாம்’, ‘நிறுத்து’ இரண்டையும் சொல்லித்தருவது நல்லது. கன்னத்தைக் கிள்ளும் மாமாவிடமும் அந்தச் சொற்கள் செல்லுபடியாக வேண்டும். கும்பிடுவதா, கையசைப்பதா என்பதைக் குழந்தை தேர்ந்தெடுக்கட்டும்.

மையத்தைத் தேடும்போது, எழுத்தில் இலக்கு தருவார்களா, பெற்றோர் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வேறு இடம் பாருங்கள். மருத்துவ உளவியலாளருக்கும் சிறப்புக் கல்வியாளருக்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். சில்க் போர்டு சந்திப்பின் வாகன நெரிசலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வந்த குழந்தையிடம் முக்கால் மணி நேர வகுப்பு பெரிதாக எதையும் ஏற்றிவிடாது. வீட்டருகே கிடைப்பதை எடுத்துக்கொண்டு, தினம் இரண்டு வேளை பத்துப் பத்து நிமிடம் நீங்கள் பழக்குவது மேல். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெறுகிறது. சான்றிதழ் வாங்கி வைத்தால் பள்ளியில் சலுகை கேட்கவும், மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேரவும் உதவும்.

நன்றாகக் கேட்டுச் சேர்ந்து விளையாடிய குழந்தை திடீரென்று திடலுக்கு வர மறுத்தால், உடனே திட்டத்தை மாற்றாதீர்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தூக்கம் இந்த நான்கையும் முதலில் பாருங்கள். அதிலும் ஒன்றும் இல்லையென்றால், அங்கே யாராவது கேலி செய்தார்களா, தள்ளிவிட்டார்களா என்று கூட விளையாடும் பிள்ளைகளிடமும் வாட்ச்மேனிடமும் விசாரியுங்கள்.